படகின் குற்றமா, பணித்தவர் குற்றமா?

சாய்ந்தமருதுக் கடற்கரையிற் சென்ற மாதம் என் பழைய மாணாக்கன் ஒருவனைக் கண்டேன். ஆழ்கடற் படகில் தொழிலாளியாயிருக்கின்றான். நலம் உசாவிய பின் அவன் ஒரு வினா எழுப்பினான்: "சேர், எல்லை தாண்டிப் போனதுக்குத் தண்டம் அடிச்சு, அதையும் செலவில போட்டுப் பங்கு பிரிச்சா, போகச் சொன்னவருக்கும் போன எனக்கும் ஒரே குற்றமா?"

பங்குமுறையை அறியாதார் பொருட்டு ஒரு சொல். டீசல், ஐஸ், உணவு முதலிய செலவுகளைக் கழித்து எஞ்சுவதையே படகுக்காரரும் தொழிலாளரும் பகிர்வர். தண்டப்பணமும் அச்செலவில் ஏறுமாயின், கட்டளையிடும் உரிமை இல்லாதவனும் அதனை இறுப்பவனாகின்றான்.

தண்டமே வேண்டா என்பேனல்லேன். அது மெலிந்திருந்ததன் விளைவை நாம் பட்டறிந்தோம். 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையை எச்சரித்தது. ஆழ்கடலில் விதி மீறுவோர் அஞ்சத்தக்க தண்டனை இங்கில்லை என்பது அவ்வொன்றியம் கண்ட குறைகளுள் ஒன்று. 2015 சனவரியில் இறக்குமதித் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2016 யூனிலேதான் நீங்கியது. அதுவரை, விதி பிழையாத இலங்கைப் படகு பிடித்த மீனுக்கும் அச்சந்தை அடைபட்டே கிடந்தது. சிலர் பிழைக்குப் பலர் இறுத்த தண்டம் அது. எந்த நீதிமன்றமும் அதனை விதிக்கவில்லை!

1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் 2015இல் திருத்தப்பெற்றது. ஆழ்கடற் குற்றங்களுக்கான தண்டப்பணம் படகின் நீளத்துக்கேற்பப் பெரிதும் உயர்ந்தது. நீளம் தகுந்த அளவுகோலே; பெரும்படகு பெருமுதலின் அடையாளமன்றோ? படகு சென்ற வழியைச் செய்மதிக் கருவியும் காட்டிவிடும். ஆயினும் ஏவியவர் எவர் என்பதை அக்கருவி காட்டாது.

திருக்குறளின் 57ஆம் அதிகாரத்தை வகுப்பிற் கற்பிக்கும்போது, அதன் முதற் குறளில் ஒறுத்தலுக்கு முன்னே நாடுதல் நிற்பதை நான் அழுத்திச் சொல்வதுண்டு. தண்டத்தின் தொகை பற்றி வழக்காடுவோர் அந்நாடுதலை மறந்துவிடுகின்றனர். தண்டப்பணம் பயணச் செலவிற் சேரலாகாது, படகுக்காரர் தம் பங்கிலிருந்தே இறுத்தல் வேண்டும் என விதிப்பது அரிதன்று. ஓட்டியே தன் எண்ணப்படி எல்லை மீறினானெனின் அவன் தனியே விடை சொல்லட்டும். வலை இழுத்தவனை ஏன் இதிற் பிணைத்தல் வேண்டும்?

மாணாக்கனுக்கு அன்று நான் ஏதும் விடை கூறவில்லை. பங்குக் கணக்கைத் துண்டில் எழுதித் தருகின்றார்களா என்று மட்டும் கேட்டேன். வாய்க்கணக்குத்தான் என்றான்.