ஒரே முகவரி, நாலு பெயர்

ஒரே பிளம்பரின் எண்ணை 'பிளம்பர் முருகன்' என்றும் 'குழாய் ரிப்பேர்' என்றும் கைபேசியில் இரண்டு தடவை சேமித்து வைத்திருப்போம். எந்தப் பெயரைத் தொட்டாலும் அவர்தான் எடுப்பார், தொல்லையில்லை. ஆனால் முருகன் எண்ணை மாற்றிவிட்டார். நாம் ஒரு பதிவை மட்டும் அழித்தோம். பழைய எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினால்?

பெரிய நிறுவனங்களின் ஃபயர்வால்களில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான்.

ஃபயர்வால் என்பது வலைப்பின்னலின் வாசலில் நிற்கும் காவல். வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் எந்த ஐபி முகவரியிலிருந்து எதற்குப் போகிறது என்று பார்த்து, விதிப்பட்டியலில் இடமிருந்தால் விடும். வெறும் எண்களால் விதி எழுதினால் ஒரு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. அதனால் முகவரிக்கு ஒரு பெயர் சூட்டி, அந்தப் பெயரை விதியில் வைப்பார்கள். இதற்கு அட்ரஸ் ஆப்ஜெக்ட் என்று பெயர். 1994-இல் வந்த செக் பாயிண்டின் ஃபயர்வால்-1 காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. இன்று பாலோ ஆல்டோவின் பனோரமா, ஃபோர்ட்டிநெட்டின் ஃபோர்ட்டிமேனேஜர் போன்ற மேலாண்மை மென்பொருள்கள் பல ஃபயர்வால்களின் ஆப்ஜெக்டுகளை ஒரே இடத்தில் வைத்திருக்கின்றன.

இரட்டைப் பதிவுகள் சேர்வதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. ஓர் அட்மின் 'சம்பள சர்வர்' என்று எழுதியதை அடுத்து வந்தவர் 'ஹெச்ஆர் மெஷின்' என்று தேடியிருப்பார். கிடைக்காமல் புதிதாக ஒன்று உண்டாக்கியிருப்பார். இரண்டு நிறுவனங்கள் இணையும்போதும், பழைய கருவியிலிருந்து புதியதற்கு மாறும்போதும் மொத்தமாக வந்து குவியும்.

பிறகு ஒருநாள் அந்தச் சர்வரை எடுத்துவிடுகிறார்கள். 'சம்பள சர்வர்' அழிகிறது, 'ஹெச்ஆர் மெஷின்' விதியில் அப்படியே கிடக்கிறது. அதே முகவரியை நாளை புதிய கணினி ஒன்றுக்குக் கொடுத்தால், பழைய சர்வருக்குத் திறந்த கதவு அதற்கும் திறந்தே இருக்கும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பல தப்பிவிடும். 10.1.2.7 என்பதும் 10.1.2.7/32 என்பதும் ஒன்றே. 10.1.2.0/24 என்பதும், 10.1.2.0 முதல் 10.1.2.255 வரை என்பதும் ஒன்றே. ஐபிவி4 முகவரி உண்மையில் 32 பிட் கொண்ட ஒரே எண். புள்ளிகள் நம் கண்ணுக்காக. 10.1.2.0 என்பதை விரித்தால் 167838208. ஆகவே ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் தொடக்க எண், முடிவு எண் என்ற ஜோடியாக மாற்றிவிட வேண்டும். ஜோடி ஒன்றானால் முகவரியும் ஒன்று.

இதிலும் ஒரு குசும்பு உண்டு. 010 என்று முன்னால் பூஜ்யம் போட்டால் சில மென்பொருள்கள் அதைப் பத்து என்று படிக்கும். சில, எண்ம முறையில் எட்டு என்று படிக்கும். பைதான் மொழியின் ஐபி முகவரி நூலகம் 2021-இல் இத்தகைய எண்களை ஏற்கவே மறுக்கத் தொடங்கியது. அதுதான் சரி.

10,000 ஆப்ஜெக்டுகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 5 கோடி ஒப்பீடுகள். ஜோடியைச் சாவியாக வைத்து அட்டவணையில் போட்டுக்கொண்டே போனால் 10,000 தடவை பார்த்தால் போதும். கணினிக்கு நொடி வேலை.

கஷ்டம், கண்டுபிடித்த இரட்டைகளை ஒன்றாக இணைப்பதில்தான். ஃபோர்ட்டிமேனேஜரில் ஒரே பெயருக்கு ஒவ்வொரு கருவியிலும் வேறு வேறு முகவரி கொடுக்க முடியும். மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும் இரண்டு, உள்ளே வேறாக இருக்கலாம். பனோரமாவில் ஆப்ஜெக்டில் ஒட்டியிருக்கும் டேக்கைப் பார்த்துத் தானாகச் சேரும் குழுக்கள் உண்டு. டேக் உள்ள பதிவை அழித்து இல்லாததை வைத்துக்கொண்டால், எந்த விதியையும் தொடாமலேயே ஒரு சேவை நின்றுபோகலாம். இன்று ஒரே சர்வரில் ஓடும் இரண்டு சேவைகள் நாளை பிரியக்கூடும் என்று வேண்டுமென்றே இரண்டு பெயர் வைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருந்ததை எந்த மென்பொருளும் தானாக ஊகிக்காது.

ஃபயர்வால் உங்கள் பொறுப்பில் இருந்தால், அடுத்த முறை ஒரு சர்வரை எடுக்கும்போது அதன் பெயரோடு எண்ணையும் தேடிப் பாருங்கள். எதையும் அழிக்கும் முன் ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.