கூரை வரை பறந்தால் போதும்

கோழிக்குப் பறக்கத் தெரியாது என்பவர்கள் நாய் துரத்தும்போது சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழியைப் பார்த்திருக்க மாட்டார்கள். அலறிக்கொண்டு ஏறக்குறைய செங்குத்தாகக் கிளம்பி ஓட்டுக்கூரை மேல் போய் நிற்கும். அதன் பறத்தல் அவ்வளவுதான். அதற்கு மேல் அதற்குத் தேவையும் இல்லை.

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. பகலெல்லாம் தரையைக் கிளறித் தின்னும். ஆபத்து வந்தால் கிளைக்கு எழும்பும். இரவை மரத்தில் கழிக்கும். உடலும் அதற்கேற்றபடி அமைந்தது. கறி வெட்டுகிற இடத்தில் இது கண்ணுக்கே தெரியும்: நெஞ்சுக்கறி வெளுப்பு, தொடைக்கறி சிவப்பு. சிறகை அடிப்பது நெஞ்சுத் தசை. சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்னும் எரிபொருளை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் எரித்து, சில நொடிகள் பெரும் விசை கொடுத்துவிட்டு அது ஓய்ந்துவிடும். நாளெல்லாம் நடக்கும் காலுக்கோ ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மையோகுளோபின் வேண்டும்; தொடையின் சிவப்பு அதனால் வந்தது. நெடுந்தூரம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சும் கருஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், பிராய்லர் கோழிக்கு நெஞ்சுத் தசை ஏராளம், ஆனால் பறக்காது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் உடலை அந்தத் தசையால் தூக்க முடிவதில்லை. எடை கூடும் அளவுக்குத் தூக்கும் திறன் கூடாது என்பது பறவைகளுக்குப் பொது விதி. ஒரே முற்றத்தில் சிறுவிடை முருங்கைக் கிளையில் இருக்க, உடல் பெருத்த பெருவிடை வகைச் சேவல் திண்ணையோடு நின்றுவிடுவதும் இந்தக் கணக்குதான்.

குஞ்சுகளின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் டயல், கோழிக்கு உறவான சுக்கார் கவுதாரிகளை ஆராய்ந்து 2003-ல் ஒரு முடிவை வெளியிட்டார். பறக்க வராத குஞ்சுகள்கூடச் சிறகடித்துக்கொண்டே சரிவில் ஓடி ஏறுகின்றன. அந்தச் சிறகடிப்பு உடலை மேலே தூக்குவதோடு, கால் வழுக்காதபடி அதைச் சரிவோடு அழுத்தியும் பிடிக்கிறது. சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், நம் வீட்டுக் குஞ்சுகளும் இதைச் செய்து காட்டும்.

இந்தப் பறத்தல் எதிலிருந்து காப்பாற்றும்? பகலில், தரையில் வரும் எதிரியிடமிருந்து. நாய், கீரி, காட்டுப்பூனை எல்லாம் அதில் சேரும். அப்போதும் அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்திருக்காது. கீரிக்கு அது சௌகரியம். கீரி இல்லாவிட்டால் கோழி எப்படிப் பெருகும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஹவாய்த் தீவுகளில் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1883-ல் நம் நாட்டுக் கீரி இனத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றில் ஒன்றான கவாய் தீவில் அது காலூன்றவில்லை. இன்று அங்கே தெருவெல்லாம் காட்டுத்தனமாகத் திரியும் கோழிகள்தான்.

வானத்திலிருந்து வரும் பருந்துக்கும் வல்லூறுக்கும் முன்னால் பறப்பது தற்கொலை. கோழிக்கும் அது தெரியும். ஆய்வாளர்கள் கிறிஸ் எவன்ஸ், பீட்டர் மார்லர் முதலியோர் திரையில் பருந்தின் உருவத்தைத் தலைக்கு மேலும், ரக்கூன் என்னும் விலங்கின் உருவத்தைத் தரைமட்டத்திலும் காட்டிச் சேவல்களைச் சோதித்தார்கள். இரண்டுக்கும் இரண்டு குரல். எதிரியே இல்லாமல் அந்தக் குரல்களை மட்டும் ஒலிக்கவிட்டபோதும், வான்குரலுக்குப் பெட்டைகள் மறைவிடம் தேடி ஓடிப் பதுங்கின; தரைக்குரலுக்குக் கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தன. ஆகவே மேயும் இடத்தில் ஓடி ஒளியப் புதர் வேண்டும். வெட்டவெளியைத் துப்புரவாக வைத்திருப்பது பருந்துக்குச் செய்யும் உபகாரம். சிறு குஞ்சுகளுக்குப் பஞ்சாரமே காவல். காகமே தூக்கிப் போய்விடும். பக்கத்து மரத்தில் கரிச்சான் கூடு கட்டியிருந்தால் அதிர்ஷ்டம். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தை அது கொத்திக் கொத்தி விரட்டும்.

இருட்டிவிட்டால் சேவல் குரலும் சிறகும் ஒன்றும் செய்யாது. கோழிக்கு இரவில் பார்வை மங்கல். கிளையில் அடைந்தது அசையாமல் கிடக்கும். மரநாய் மரமேறும். அதனால் அடைகிற நேரத்தில் கூண்டுக்குள் விட்டுக் கதவைத் தாழிடுவதுதான் வழி. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், பிராணியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் போட்டு, அடியில் ஓர் அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைத்தால் தோண்டி வருகிறவையும் தோற்கும். பொறி, விஷம் பக்கம் போக வேண்டாம். கீரியும் மரநாயும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை.

பக்கத்துத் தோட்டத்துக்குப் பறந்து போகிறது என்று சிறகை வெட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பக்கத்து முதல்நிலை இறகுகளை வெட்டினால் சமநிலை கெட்டு எழும்பாது. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்வரை அப்படித்தான். வளரும் இறகின் காம்பில் ரத்தம் ஓடும், அதை வெட்டவே கூடாது. நாலு பக்கமும் மேலேயும் வலையடித்து வளர்ப்பவர்களுக்கு வெட்ட வேண்டிய அவசியமே வராது. அவிழ்த்து மேய விடுகிறவர்கள் வெட்டினால், நாய் வரும்போது கோழிக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டத்தில் நாய்தான் ஜெயிக்கும்.