கண்ணாடிக்கு ஒரு கண்ணாடி!

டி.வி. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, செல்போனுக்கு டெம்பர்டு கிளாஸ், ஸோபாவுக்கு ஐந்து வருஷமாகப் பிரிக்காத பாலிதீன்... எதையும் போர்த்தி வைத்தால்தான் நமக்கு ராத்திரி தூக்கம் வரும். கேமரா லென்ஸ் மட்டும் தப்புமா? வாங்கப் போனால் கடைக்காரர் விடமாட்டார். ''யு.வி. ஃபில்டர் ஒண்ணு போட்டுடலாமா சார்?''

போடணுமா, வேண்டாமா? தீர்ப்புக் கேட்க சரியான இடம், பெரம்பலூர் மாவட்டத்து எறையூர். சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். வெட்டுப் பருவத்தில் டிராக்டர் டிராக்டராகக் கரும்பு. பின்னாலேயே செம்மண் புழுதி. வெட்டி முடித்த வயலில் சோகையைக் கொளுத்தினால் கறுப்புக் கறுப்பாகச் சாம்பல் பறக்கும். அரியலூர் பக்கம் போனாலோ சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைப் புழுதி!

கரும்பு வெட்டைப் படமெடுக்கப் போயிருந்தேன். லென்ஸில் சாம்பல். வழக்கம்போல வேட்டி நுனியைத் தூக்கினேன். கூட வந்த உள்ளூர் போட்டோகிராபர் பதறிவிட்டார்.

''அண்ணே, துடைக்காதீங்க! முதல்ல பம்ப்பால ஊதுங்க!''

விஷயம் இருக்கிறது. கரும்புத் தோகை கையை அறுக்கக் காரணம், அதிலுள்ள சிலிக்கா. எரித்தாலும் அது போகாது, சாம்பலில் தங்கிவிடும். மண் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் இன்னும் மோசம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 7; சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5தான். தேய்த்தால் கீறல் நிச்சயம். பார்க்கப் பயமுறுத்தும் சுண்ணாம்புக்கல் வெறும் 3. பாவம், சாது!

''அப்ப ஃபில்டர் போட்டுக்க வேண்டியதுதானே தம்பி?'' என்றேன்.

''வயல்ல போடுவேன். ராத்திரி கல்யாணத்துல கழட்டிடுவேன். ஒருதடவை மறந்துட்டேன்ணே. மாப்பிள்ளை அழைப்பு. சீரியல் லைட்டெல்லாம் படத்துல தலைகீழா இன்னொரு தடவை விழுந்திருக்கு. மாப்பிள்ளை நெத்தியில பச்சையா ஒரு பல்பு! பொண்ணு வீட்டுக்காரங்க பாதிப் பணத்தைப் பிடிச்சிக்கிட்டாங்க. இன்னொரு தடவை ஊர்வலம் வாங்கன்னு மாப்பிள்ளையைக் கூப்பிட முடியுமா?''

பூச்சு இல்லாத கண்ணாடியில் பக்கத்துக்கு 4 சதவிகிதம் வெளிச்சம் திரும்பிப் போகும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 8. கேமராவுக்குள்ளிருந்து எதிரொளித்து வருகிற விளக்கு வெளிச்சம் தட்டையான ஃபில்டரில் மோதித் திரும்ப உள்ளே போகிறது. அதுதான் நெற்றிப் பல்பு. பல அடுக்குப் பூச்சுள்ள ஃபில்டரில் இது வெகுவாகக் குறையும். விலைதான் கூடும்.

'யு.வி.' என்ற பெயரே பழைய கதை. ஃபிலிம் காலத்தில் புற ஊதாக் கதிர் பட்டு, தூரத்து பச்சைமலை நீலமலையாக வரும். அதைத் தடுக்க வந்தது இது. டிஜிட்டல் கேமராவில் சென்ஸாருக்கு முன்னாலேயே தடுப்பு இருக்கிறது. இப்போது ஃபில்டருக்கு மிச்சமிருப்பது வாட்ச்மேன் வேலைதான்.

வாட்ச்மேன் எப்படி? தூசுக்கும் தூறலுக்கும் கெட்டிக்காரர். மழை, தூசு தாங்கும் சில கேனன் லென்ஸ்களில், முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் அந்தக் காப்பு முழுமையாகும் என்று கம்பெனியே சொல்கிறது. ஆனால் அடி விழுந்தால்? ஃபில்டர் கண்ணாடி மெல்லிசு. லென்ஸின் முன் கண்ணாடி தடிமன். லென்ஸ் தாங்கிவிடும் அடியில்கூட ஃபில்டர் நொறுங்கும். அந்தச் சில்லே லென்ஸைக் கீறவும் செய்யும். அடிக்கு ஹூட்தான் சரி. வெயில் கூச்சத்துக்கும் அது நல்லது.

இன்னொரு ரகசியம்: முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் படத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது. விற்கப் போகும்போதுதான் தெரியும், வாங்குகிறவர் கண்ணுக்கு!

அன்று சாயந்திரம் தம்பியின் ஃபில்டரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டேன். புழுதியில் மரை இறுகி, திருப்பித் தரும்போது கழலவில்லை. பல்லைக் கடித்துத் திருகினேன். ஊஹூம். டீக்கடையில் ஒரு ரப்பர் பேண்டு வாங்கி ஃபில்டர் விளிம்பில் சுற்றி, லேசாக ஒரு திருகு திருகினார் தம்பி. வந்துவிட்டது.

''இதுக்குப் பலம் வேணாம்ணே, பிடிமானம்தான் வேணும்'' என்றபடி, ரப்பர் பேண்டைப் பத்திரமாகத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்.