அடங்காப் பிள்ளையும் அன்னைக்கான பயிற்சியும்

"அடியாத மாடு படியாது" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பிள்ளை வளர்ப்பிற்கு அது பொருந்தாது என்பதே உளவியலறிஞர் கண்ட முடிவு. சொற்கேளாமை, கடுஞ்சினம், பிறரை அடித்தல் முதலிய இயல்புகள் மிகுந்த பிள்ளையைக் கண்டவுடன் ஊரார் பழிப்பது தாயையே. அவளைப் பழிக்காது, பிள்ளையைத் திருத்தும் வழியை அவளுக்கே பழக்குவதுதான் பெற்றோர் பயிற்சி என்னும் முறையாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே ஜெரால்ட் பற்றர்சன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1960கள் முதலாக இத்தகைய குடும்பங்களை அவரவர் இல்லங்களிலேயே கூர்ந்து நோக்கினர். அவர்கள் கண்டது யாது? தாய் ஒரு வேலையைச் சொல்கிறாள், பிள்ளை கூச்சலிடுகிறது. தாய் குரலை உயர்த்துகிறாள்; பிள்ளை அதனினும் உரக்கக் கதறுகிறது. ஈற்றில் தாய் சலித்து விட்டுவிடுகிறாள்; உடனே அமைதி பிறக்கிறது. அவ்வமைதியே இருவருக்கும் பாடமாகிறது. கத்தினால் வேலை தப்பும் எனப் பிள்ளையும், விட்டுக்கொடுத்தால் தொல்லை தீரும் எனத் தாயும் கற்றுக்கொள்கின்றனர். இச்சுழலைப் பற்றர்சன் 1982இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார்.

இச்சுழலை அறுப்பதே பயிற்சியின் நோக்கம். அதே மாநிலத்தில் கொன்ஸ்ரன்ஸ் ஹான்ஃப் என்னும் அம்மையார் 1960களின் இறுதியில் வகுத்த இருபடி முறையைத் தழுவிப் பல பயிற்சிகள் எழுந்தன. முதற்படியில், தாய் நாள்தோறும் சிறிது நேரம் பிள்ளையின் விருப்பப்படியே அதனோடு விளையாடுகிறாள். அவ்வேளையில் கட்டளையும் குறைகூறலும் இல்லை. நற்செயலைக் கண்டதும் அதனைச் சுட்டிப் பாராட்டுகிறாள். "நல்ல பிள்ளை" என்பதினும், "தம்பிக்கும் பந்தைக் கொடுத்தாய், நன்று" என்பதே சிறந்தது. எதற்காகப் பாராட்டு என்பது விளங்குமன்றோ!

இரண்டாம் படி கட்டளையிடும் முறை. ஒரு வேளையில் ஒரே கட்டளை. சுருக்கமாக, அருகில் நின்று, அமைதியான குரலிற் சொல்லல் வேண்டும். கீழ்ப்படிந்தால் உடனே பாராட்டு. மறுத்தால், முன்னரே அறிவித்தபடி, சில நிமிடம் விளையாட்டிலிருந்து விலக்கி அமரச் செய்தல். அடியும் வசையும் இங்கில்லை.

ஷீலா ஐபர்க் அம்மையார் 1970களில் உருவாக்கிய முறையிலோ, தாய் பிள்ளையுடன் விளையாடும்போது, ஒருபுறம் மட்டுமே காணக்கூடிய கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஆலோசகர் அவள் காதிற் பொருத்திய கருவி வழியாக வழிகாட்டுவார். நீந்தக் கற்போர் நீரில் இறங்கியே கற்க வேண்டுமல்லவா?

ஒன்றை மறத்தலாகாது. இதுவரை பயன் தந்த கூச்சலைத் தாய் பொருட்படுத்தாது விட்டால், அது முதலில் தணியாது, மிகும். அவ்வேளையில் விட்டுக்கொடுப்பின், இன்னும் உரக்கக் கத்துவதே வழி என்று பிள்ளை கற்றுவிடும். தாய் மறுத்ததைத் தந்தையோ பாட்டியோ மறைவிற் கொடுப்பினும் விளைவு அதுவே. மேலும், செவிப்புலக் குறை முதலிய வேறு காரணங்கள் உளவோ என மருத்துவர் வாயிலாக முன்னரே அறிதல் நன்று.

இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர், சிலர் பாட்டன்மார். பயிற்சி அன்னைக்கெனினும், அதன் வெற்றி இல்லத்தார் அனைவரும் ஒரு நெறியில் நிற்பதிலேயே தங்கியுள்ளது. சோர்ந்த தாய்க்குப் பழிச்சொல் வேண்டா, துணையே வேண்டும்.