காவிரி டெல்டா: தண்ணீர் கணக்கு எல்லாருக்கும் தெரியும், மண் கணக்கு?

ஜூன் மாதம் வந்தாலே செய்திகளில் ஒரே எண்தான் ஓடும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி? 120-ஐத் தொட்டுவிட்டால் மலர் தூவல். கீழே இறங்கிவிட்டால், 'பிலிகுண்டுலுவில் எவ்வளவு வருது?' என்ற கேள்வி. டி.எம்.சி. என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட டி.எம்.சி. பற்றிச் சண்டை போடுவார்கள். (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர்.)

ஆனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து வர வேண்டிய இன்னொரு சரக்கு உண்டு. அது வருகிறதா, எங்கே நின்றுபோனது என்று யாரும் தினசரி கேட்பதில்லை. அதுதான் வண்டல். டெல்டா என்பதே அந்த வண்டலால் ஆன நிலம்தான்.

மேற்கே பிறந்து கிழக்கே ஓடுவது ஏன்?

காவிரி பிறக்கும் தலைக்காவிரி, குடகு மலையில் இருக்கிறது. அங்கிருந்து அரபிக்கடல் நூறு கிலோமீட்டருக்குள். ஆனாலும் காவிரி அந்தப் பக்கம் திரும்பாமல், சுமார் 800 கிலோமீட்டர் நடந்து வங்கக்கடலுக்கு வருகிறது. காரணம் ரொம்ப சிம்பிள்: தக்காணப் பீடபூமி மேற்கே உயர்ந்து, கிழக்கே சரிந்து கிடக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கே விழும் ஆறுகள் குட்டையானவை, வேகமானவை. சமவெளியே குறுகலாக இருப்பதால் கொண்டுவந்த மண்ணைப் பரப்ப அவற்றுக்கு இடம் கிடையாது. கிழக்கே வரும் மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் நீண்ட தூரம் ஓடி, வழியெல்லாம் மண்ணை அள்ளி, அகலமான கடற்கரைச் சமவெளியில் இறக்கி வைக்கின்றன. இந்தியாவின் பெரிய டெல்டாக்கள் கிழக்குக் கரையில் வரிசை கட்டி நிற்பது அதனால்தான்.

எப்படி இறக்கி வைக்கிறது? நிலம் தட்டையாகும்போது ஆற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமக்கும் சக்தியும் குறையும். முதலில் கனமான மணல் கீழே உட்காரும், பிறகு நுண்மணல், கடைசியில் மாவு போன்ற களியும் வண்டலும். தான் போட்ட மண்ணே வழியை அடைக்க, ஆறு பக்கவாட்டில் பிரிந்து புது வழி தேடும். அதுவும் அடைபட்டால் இன்னொன்று. இப்படி விசிறி மாதிரி விரியும் நிலம்தான் டெல்டா. நைல் நதியின் முகத்துவாரம் கிரேக்க எழுத்தான டெல்டாவைப் போல முக்கோணமாக இருந்ததால் வந்த பெயர்.

காவிரியில் இந்த விசிறி திருச்சிக்கு அருகே விரியத் தொடங்குகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பாதைகள் பிரிகின்றன. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று பட்டியல் நீளும். கிளைகள் பெருகப் பெருகத் தாய் ஆறு மெலிகிறது. பூம்புகாருக்குச் சுற்றுலா போகிறவர்கள், 'இதுதானா காவிரி?' என்று ஏமாந்து கேட்பது அதனால்தான். வெள்ளத்தின் பெரும்பங்கைச் சுமப்பது கொள்ளிடம்.

வண்டல் எப்போதும் வரம் இல்லை

இங்கே ஒரு திருப்பம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்டாவுக்கு வந்த பிரச்சினை வண்டல் பற்றாக்குறை இல்லை, அதிகப்படி. கொள்ளிடத்தின் பாதை நேரானது, சரிவும் கூட. தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு ஓட, காவிரியின் படுகை மண் மேடிட்டு உயர்ந்தது. தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. கல்லணையின் கட்டுமானத்தைக் கவனித்துப் படித்த ஆர்தர் காட்டன், 1836-ல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டியது இதற்காகத்தான்.

அப்புறம் 1930-களில் கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், 1934-ல் மேட்டூர். பின்னாளில் கீழே வந்து சேரும் பவானிக்கும் அமராவதிக்கும்கூட அணைகள். அணையில் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது வண்டல் அடியில் படிந்துவிடும். மதகு வழியாக வெளியே வருவது பெரும்பாலும் தெளிந்த நீர். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று இன்றும் எழுதுகிறோம். படிந்த மண் பிடித்துக்கொண்ட இடம் அந்த எண்ணில் தெரிவதில்லை. அணையில் தூர்வாரும் வேலையே 2017-ல்தான் தொடங்கியது.

தவறாக எண்ண வேண்டாம். மேட்டூர் இல்லாமல் இன்றைய டெல்டா விவசாயம் இல்லை. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி பக்கம் 'புது டெல்டா' என்று சொல்லப்படும் பகுதிக்குப் பாசனம் கிடைத்ததே மேட்டூருக்குப் பிறகுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

இந்த மண்ணில் என்ன பிசினஸ் நடக்கிறது?

முதலில் நெல். டெல்டாவின் தனித்தன்மை, இரண்டு பருவமழையில் வாழ்வது. தென்மேற்குப் பருவமழை குடகில் பெய்து மேட்டூரை நிரப்பும். அந்தத் தண்ணீரில் ஜூனில் குறுவை. வடகிழக்குப் பருவமழை டெல்டாவிலேயே நேரடியாகப் பெய்யும். அதில் சம்பாவும் தாளடியும். ஜூன் 12 அணை திறப்பு என்ற தேதிக்கு அவ்வளவு மரியாதை இருப்பது இதனால்தான். 2024-ல் அணையில் நீர் இல்லாமல் திறப்பு ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போனது. ஒன்றரை மாதம் தள்ளினால், குறுவை பயிரிடலாமா, நேராகச் சம்பாவுக்குப் போகலாமா என்று முழு ஆண்டுக் கணக்கும் மாறிவிடும்.

சரியான தேதியில் திறந்தாலும் சிக்கல் உண்டு. குறுவை அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியும் நேரமும், அக்டோபர் மழை தொடங்கும் நேரமும் ஒன்றுதான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். சாலையோரம் தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல் படங்கள் ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகின்றன. தார்ப்பாயும் குடோனும் முன்கூட்டியே தயாராக இருந்தால் பாதி இழப்பு இருக்காது. மழை எப்போது வரும் என்பது யாருக்கும் புதிய தகவல் இல்லையே.

வண்டல் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க, சம்பா அறுவடைக்கு முந்தைய வாரத்தில் வயலுக்குப் போக வேண்டும். நெற்பயிர் நிற்கும்போதே அதற்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தூவிவிடுவார்கள். உழவு இல்லை, பாசனம் இல்லை. களிமண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலும் இரவுப் பனியிலுமே பயறு விளைந்துவிடும். செலவே இல்லாமல் ஒரு கூடுதல் வருமானம். மணல் நிலத்தில் இது நடக்காது.

சென்னையில் ஐ.டி. வேலை பார்ப்பவருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் நீர், 2004 முதல் குழாய் வழியே 200 கிலோமீட்டருக்கு மேல் பயணித்துச் சென்னைக்கு வருகிறது. டெல்டாவின் தண்ணீர் தலைநகரின் குழாயிலும் வருகிறது என்று அர்த்தம்.

நிலத்துக்கு அடியிலும் சரக்கு உண்டு. பல கோடி ஆண்டுகளாகப் படிந்த படிவுகளில் எண்ணெயும் எரிவாயுவும். நரிமணம் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக நடந்த நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு, 2020-ல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது மூடவில்லை.

உப்பு எப்படி ஏறுகிறது?

கடல் நீர் நன்னீரைவிடக் கனமானது. ஆற்றில் நன்னீர் வேகமாக வந்தால் கடலைத் தள்ளி நிறுத்தும். நன்னீர் குறைந்தால், உப்பு நீர் ஆப்பு மாதிரி அடிவழியாக ஆற்றுக்குள் ஏறும். நிலத்தடியிலும் இதே கதைதான். போர்வெல் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்கு உப்பு நீர் வரும்.

இதில் மணல் அள்ளுவதைச் சேர்த்துப் பாருங்கள். கொள்ளிடத்தில் மணல் போனால் படுகை பள்ளமாகும். கடலோரத்தில் படுகை தாழத் தாழ, ஓதத்தின்போது கடல் நீர் இன்னும் உள்ளே வர முடியும். மேலே உள்ள ஊர்களில் வேறு விதமான பாதிப்பு. ஆறு தாழ்ந்துவிட்டதால் வாய்க்கால் தலைமதகு உயரத்தில் நிற்கும், தண்ணீர் ஏறாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதி மதகுகள் உடைந்து போனபோது, மணல் கொள்ளையும் ஒரு காரணம் என்று விவசாயிகள் குற்றம் சாட்டியது நினைவிருக்கலாம்.

புதிய வண்டல் வராத டெல்டா சும்மா இருக்காது. பழைய மண் தன் எடையிலேயே மெல்ல அமுங்கும். கடல் மட்டமோ உயர்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா உள்ள லூசியானா கடலோரம், 1930-களிலிருந்து சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கடலிடம் இழந்திருக்கிறது. எகிப்தில் 1970-ல் அஸ்வான் உயரணை முடிந்த பிறகு நைல் டெல்டாவுக்கு வண்டல் வரத்து ஏறக்குறைய நின்றது, கரையை அலை தின்னத் தொடங்கியது.

நம்மூரில் முதல் அடி கடைமடைக்கு. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறையின் கடலோரத் தாலுகாக்கள் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் இறந்தனர். கடல் நீர் புகுந்த வயல்களை மீட்டு மறுபடி நெல் போடப் பெரும் பாடு பட வேண்டியிருந்தது. 1990-களில் பரவிய இறால் பண்ணைகள் வேறு உப்பைச் சேர்த்தன. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான தீர்ப்பு வந்தது.

'கடலில் வீணாகக் கலக்கும் நீர்'

வெள்ளக் காலத்தில் ஊடகங்கள் திரும்பத் திரும்ப எழுதும் வரி இது. (ஆம், ஊடகங்கள்தான்!) கொள்ளிடத்தில் ஒரு லட்சம் கன அடி ஓடும்போது, தேக்கி வைத்திருந்தால் எத்தனை ஏரி நிரம்பியிருக்கும் என்ற ஆதங்கம் நியாயமானதே. ஆனால் முழுக்க 'வீண்' என்பது சரியல்ல. உப்பைத் தள்ளி நிறுத்துவது, பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகளைக் காப்பது, மீன்குஞ்சுகளுக்கு முகத்துவாரத்தை வாழ்விடமாக வைத்திருப்பது எல்லாம் அந்த நீர்தான்.

2007-ல் காவிரி நடுவர் மன்றம் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. அதில் சுற்றுச்சூழலுக்கு 10. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதற்கு 4. மீதி 726, மூன்று மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419-லிருந்து 404.25 ஆகக் குறைத்தபோது விவாதம் முழுக்க அந்த 14.75 பற்றியே நடந்தது. 10-ஐயும் 4-ஐயும் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இப்போது என்ன நடக்கிறது?

வெண்ணாறு உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு போன்றவற்றில், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கரைகளும் கடைமடை நீரொழுங்கிகளும் சீரமைக்கப்பட்டன. கொள்ளிடத்தின் குறுக்கே ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை. கடல் நீரைத் தடுத்து, நன்னீரைத் தேக்குவதுதான் இவற்றின் வேலை. அதை அவை செய்யும். மண்ணைக் கொண்டுவராது.

மண்ணுக்கு இப்போதைக்கு இருக்கும் வழி, ஏரி, குளங்களில் படிந்த வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளும் அரசுத் திட்டம். அனுமதி தாசில்தாரிடம் வாங்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. மண் இலவசம். டிராக்டர் வாடகையும் டீசலும் விவசாயி கணக்கு.