சட்டசபை அபேட்சகர்களும் காலநிலைக் கொள்கையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தேர்தல் என்றதும் ஜனாதிபதித் தேர்தலே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், மின்சாரத்தை எவ்வழியில் உற்பத்தி செய்வது, கட்டடங்களை எவ்விதிப்படி எழுப்புவது, எரிபொருள்மீது என்ன வரி விதிப்பது என்பனவற்றைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டசபைகளே தீர்மானிக்கின்றன. பூமியின் வெப்பத்தைக் கூட்டும் கரியமில வாயு இவ்வழிகளிலேயே பெருமளவு வெளியாகின்றது. ஆதலால், காலநிலை மாற்றம் குறித்துச் சட்டசபை அபேட்சகர் ஒருவர் கொண்டிருக்கும் கருத்து சிறிய விஷயம் அன்று. இதனை ஒரு மாநிலத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்கலாம்.

வாஷிங்டன் என்னும் தலைநகர் வேறு. பசிபிக் கரையில் கனடாவின் எல்லையை அடுத்துள்ள வாஷிங்டன் மாநிலம் வேறு. சியாட்டில் நகரம் அமைந்துள்ள இம்மாநிலம் 49 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தொகுதியும் செனட் சபைக்கு ஒருவரையும் பிரதிநிதிகள் சபைக்கு இருவரையும் அனுப்புகின்றது.

இம்மாநிலத்தின் மின்சாரத்திற் பாதிக்கு மேற்பட்டது நீர்வீசையிலிருந்து கிடைப்பது. கொலம்பியா நதியின் கிராண்ட் கூலி அணைக்கட்டு உலகப் பிரசித்தி பெற்றது. ஆகவே, இங்கு கரியமில வாயுவை மிகுதியாக வெளியிடுவன மின்னிலையங்கள் அல்ல. மோட்டார் வண்டிகள் முதலான போக்குவரத்துச் சாதனங்களே. காலநிலை பற்றிய வாதம் இம்மாநிலத்தில் ஈற்றிற் பெற்றோல் விலையில் வந்து முடிவதன் காரணம் இதுவே.

2016ஆம் ஆண்டில், கரியமில வாயுவுக்கு வரி விதிக்கும் திட்டமொன்று பொதுமக்களின் வாக்குக்கு விடப்பட்டது. அவ்வரியால் வரும் பணத்தை, விற்பனை வரி முதலானவற்றைக் குறைத்து, மக்களுக்கே திருப்பிக் கொடுப்பது அதன் நோக்கம். அத்திட்டம் தோற்றது. அதனை எதிர்த்தோர் எண்ணெய் வியாபாரிகள் மாத்திரம் அல்லர். சுற்றாடலைக் காக்க முன்னின்ற இயக்கங்கள் சிலவும் அதற்கு ஆதரவளிக்க மறுத்தன. பணத்தைத் திருப்பிக் கொடாது, தூய எரிசக்திக்கும் ஏழை மக்களின் நலனுக்கும் செலவிட வேண்டும் என்பது அவற்றின் வாதம். 2018இல் அவ்வாறே செலவிடும் வேறொரு திட்டம் வாக்குக்கு வந்தது. எண்ணெய்க் கம்பனிகள் பெருந்தொகை செலவிட்டு எதிர்ப்பிரசாரம் செய்தன, அதுவும் தோற்றது.

இதிலிருந்து நாம் அறியக்கூடியது யாதெனில், காலநிலை விஷயத்தில் ஆதரவு, எதிர்ப்பு என இரு நிலைகள் மாத்திரம் இல்லை என்பதே. நோக்கத்தில் ஒன்றுபட்டோரும், பணத்தை யார் கொடுப்பது, அதனை எதற்குச் செலவிடுவது என்னுமிடத்திற் பிரிந்து நின்றனர்.

இருமுறை பொதுவாக்கிற் கைகூடாத காரியத்தை 2021ஆம் ஆண்டிற் சட்டசபையே மேற்கொண்டது. பெருந்தொழில்களும் எரிபொருள் விநியோகிப்போரும் வெளியிடும் வாயுவுக்கு மொத்த வரம்பு ஒன்று விதிக்கப்பட்டது. அவ்வரம்புக்கு உட்பட்ட அனுமதிகளைக் கம்பனிகள் ஏலத்தில் வாங்குதல் வேண்டும். ஆண்டுதோறும் வரம்பு குறையும், அனுமதிகளும் அருகும். 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030இல் நூற்றுக்கு 45 பங்கும், 2050இல் நூற்றுக்கு 95 பங்கும் குறைத்தல் வேண்டும் என்பது மாநிலத்தின் இலக்கு.

இம்மசோதா முதன்முறை செனட் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆதரித்தோர் 25 பேர். எதிர்த்தோர் 24 பேர். ஒருவர் மாறி வாக்களித்திருப்பின் மசோதா அன்றே வீழ்ந்திருக்கும். ஜனநாயகக் கட்சியினர் பெரும்பான்மையினராய் இருந்த அச்சபையில், அக்கட்சியார் சிலரும் எதிர்த்தே வாக்களித்தனர் என்பது கவனிக்கத்தக்கது. கட்சியின் பெயரைக்கொண்டு மாத்திரம் அபேட்சகரின் நிலையை அளந்துவிட இயலாது.

மே மாதத்திற் கவர்னர் ஜே இன்ஸ்லி இச்சட்டத்திற் கையொப்பமிட்டார். அடுத்த மாத இறுதியில் இதற்கு முன் அறியாத வெப்ப அலையொன்று அப்பிரதேசத்தைத் தாக்கியது. குளிர்ந்த காற்றுக்குப் பெயர்பெற்ற சியாட்டில் நகரில் வெப்பம் 42 பாகை செல்சியஸ் அளவைக் கடந்தது. மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளிரூட்டும் வசதியற்ற வீடுகளில் வாழ்ந்த முதியோருக்கே ஆபத்து அதிகம்.

சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏலத்தின் மூலம் முதலாண்டிலேயே நூறு கோடி டொலருக்கு மேல் திரண்டது. பதினெட்டு வயது வரையுள்ளோர் பொதுப் பேருந்துகளிற் கட்டணமின்றிச் செல்லவும், பூர்வ குடியினரின் திட்டங்களுக்கு உதவவும் இப்பணம் பயன்படலாயிற்று. மறுபுறத்தில், அவ்வாண்டுக் கோடையிற் சிறிது காலம் அமெரிக்காவிலேயே மிகவுயர்ந்த சராசரிப் பெற்றோல் விலை இம்மாநிலத்திற் காணப்பட்டது. கோதுமையும் ஆப்பிளும் விளையும் கிழக்குப் பகுதியிற் குறை பெருகியது. வயலுக்குரிய எரிபொருளுக்குச் சட்டம் விலக்களித்திருந்தும், நிரப்பு நிலையத்தில் அவ்விலக்குப் பலருக்குக் கிட்டவில்லை. 2024இல் சட்டசபை விவசாயிகளுக்கு ஈடாக மூன்று கோடி டொலர் ஒதுக்கியது.

அவ்வாண்டு நவம்பரில், சட்டத்தை முற்றாக நீக்கும் யோசனை பொதுவாக்குக்கு வந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு 62 பேர் நீக்கவேண்டாம் எனத் தீர்ப்பளித்தனர். முன்பு இருமுறை மறுத்த மக்கள், பலனையும் சுமையையும் நேரிற் கண்டபின் அதனைக் காத்தனர். ஆயினும் வாதம் ஓயவில்லை. அது சட்டம் வேண்டுமா என்பதிலிருந்து, எவ்வாறு நடத்துவது என்பதற்கு இடம்பெயர்ந்துள்ளது.

அம்மாநிலத்தில் தேர்தல் வருமுன், அபேட்சகர்களின் அறிக்கைகள் அடங்கிய கைந்நூலொன்று வீடுதோறும் அனுப்பப்படுகின்றது. "இயற்கையைக் காப்பேன்", "மக்களின் செலவைக் குறைப்பேன்" என்னும் வாசகங்களை அதிற் காணலாம். இரண்டும் நல்லவையே, இரண்டும் போதா. வரம்பைத் தளர்த்துவாரா, இறுக்குவாரா? விலையேற்றத்தால் வருந்தும் உழவனுக்கும் தொழிலாளிக்கும் என்ன ஈடு செய்வார்? ஏலப் பணத்தை எதற்கு ஒதுக்குவார்? சென்ற வாக்கெடுப்பில் எப்பக்கம் நின்றார்? வாக்காளர் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே. செனட் சபையின் முதல் வாக்கெடுப்பில் 25க்கு 24 என்னும் கணக்கில் தப்பிய சட்டத்தை உடைய மாநிலத்தில், ஒரு தொகுதியின் தெரிவு முழு மாநிலத்தின் போக்கையும் மாற்ற வல்லது.