பேத்தி ஆசிரியை, தாத்தா மாணவர்
செல்போனைத் தாமே இயக்கக் கற்பது விவசாயிகளுக்கு நல்லது

புதுச்சேரிப் பகுதியில் பல விவசாயக் குடும்பங்களில் செல்போனைத் திறந்து செய்தி பார்த்துச் சொல்பவர்கள் பள்ளியில் படிக்கும் பேரன், பேத்திகளே. மழை வருமா, வங்கியில் பணம் வந்ததா என்று அவர்கள் சொல்ல, பெரியவர்கள் கேட்டுக் கொள்கின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் வரும் செய்தியை யார் பார்ப்பது? ஆகவே பிள்ளைகள் செய்து கொடுப்பதைவிடக் கற்றுக் கொடுப்பதே மேல்.

வில்லியனூர் அனுபவம்

இதற்குப் புதுவையிலேயே முன்னோடி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டு வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் அமைந்தது. ஊரைச் சேர்ந்த இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்றுக் கம்ப்யூட்டரை இயக்கினர். விளைபொருள் விலை போன்ற விவரங்களை ஊராருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார்கள். மீனவர் கிராமமான வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது இதன் அருமை விளங்கிற்று. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டுக்குப் போன் செய்தார். உடனே தகவல் மையத்தின் ஒலிபெருக்கி மூலம் ஊர் எச்சரிக்கப்பட்டது. சுமார் 3,600 பேர் உயிர் தப்பினர். கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்ததால் அவசர நேரத்தில் அது பயன்பட்டது.

கற்கும் முறை

போன் பெரியவர் கையிலேயே இருக்க வேண்டும். பிள்ளை விரலால் காட்டினால் போதும். முதலில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லவும். ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும். மறுநாள் அதையே உதவியின்றிச் செய்து பார்த்த பின் அடுத்த பாடத்துக்குச் செல்லலாம். படிக்கச் சிரமப்படுவோர் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசியே கேட்கலாம்.

பூச்சி, நோய் பற்றிக் கேட்கப் படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் இலையின் மேற்புறம், அடிப்புறம், முழுச்செடி என மூன்று படங்கள் எடுப்பது நல்லது. எந்தச் செடியை எடுப்பது என்பதைப் பெரியவரே முடிவு செய்ய வேண்டும். நெல்லில் வெண்கதிரைப் பிடித்து இழுத்தால் எளிதில் கையோடு வரும். அது குருத்துப்பூச்சியின் வேலை என்பது தாத்தாவுக்குத் தெரியும். பேத்தி அதை அவரிடம் கற்றுக் கொள்ளட்டும். குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செல்லும்போது இப்படங்களைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைத் தாமே அழைப்பதை முதல் பாடமாக வைத்துக் கொள்ளலாம்.

பணத்தில் கவனம்

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் சேர்கிறது. இதன் பெயரைச் சொல்லி மோசடிக்காரர்கள் லிங்க் அனுப்புவதுண்டு, அதைத் தொடக்கூடாது. போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. பணம் அனுப்பும்போது அது கேட்கப்படும். "பணம் வர வேண்டுமானால் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவர் சொன்னாலும் அது மோசடியே. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யவும்.

ரகசிய எண்ணைப் போனின் உறையில் எழுதி வைப்பதும், அவசரத்தில் பிள்ளைகளிடம் சொல்லிப் போடச் சொல்வதும் தவறு. இந்த ஒரு வேலையை மட்டும் பெரியவர் தம் கையாலேயே செய்யப் பழக வேண்டும்.

காலாண்டு, அரையாண்டு விடுமுறை நாட்கள் இதற்கு ஏற்றவை. தினமும் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால், பள்ளி திறப்பதற்குள் தேவையான பாடங்களைக் கற்றுவிடலாம்.